நியூசிலாந்தில் ஆரம்பகாலத் திமிங்கில வேட்டைக்காரர்களும் மாவோரிகளும் எப்படிப் பழகினார்கள்?

"திமிங்கில வேட்டைக்காரர்கள் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளைச் சுரண்டினார்களா, சேர்ந்து வாழ்ந்தார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பலில் வந்துபோனவர்கள் வேறு, கரையிலேயே தங்கியவர்கள் வேறு. முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கப்பல்காரர்கள் வடக்கே பே ஆஃப் ஐலண்ட்ஸில் தண்ணீர், பன்றி, உருளைக்கிழங்கு வாங்க ஒதுங்குவார்கள், மாவோரி இளைஞர்களைக் கப்பல் வேலைக்கும் ஏற்றிக்கொள்வார்கள். 1805-ல் அப்படி ஆர்கோ கப்பலில் போன ருவாத்தாரா என்ற மாவோரி இளைஞருக்குச் சம்பளமே கொடுக்கவில்லை. 1809-ல் பாய்ட் என்ற கப்பலில் (இது திமிங்கிலக் கப்பல் இல்லை) தே ஆரா என்ற தலைவர் மகனைச் சாட்டையால் அடித்தார்கள். அதற்குப் பழியாக வங்காரோவாவில் கப்பலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடம் திமிங்கில வேட்டைக்காரர்கள் கூட்டமாகப் போய்ப் பழிவாங்கியது யாரை? சம்பந்தமே இல்லாத தே பாஹி என்ற மாவோரித் தலைவரை!

கரையில் கதை வேறு. 1820களின் கடைசியில் ஜான் கார்ட் தே அவைட்டியிலும், 1831-ல் வெல்லர் சகோதரர்கள் ஒட்டாக்கோவிலும் திமிங்கில வேட்டை நிலையம் போட்டார்கள். குளிர்காலத்தில் குட்டி ஈனக் கரையோரம் வரும் திமிங்கிலத்தைப் படகில் துரத்தி ஈட்டி எறிந்து, இழுத்து வந்து, பெரிய கொப்பரைகளில் கொழுப்பைக் காய்ச்சுவதுதான் தொழில். அந்தக் கரையில் இருக்க இடம், சாப்பாடு, பாதுகாப்பு, துடுப்புப் போட ஆள் எல்லாமே மாவோரி தயவில்தான். தலைவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொடுத்ததை அப்பாவித்தனம் என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்காரன் மாப்பிள்ளையாகிவிட்டால் துப்பாக்கி, இரும்பு, துணி எல்லாம் நம் பக்கம் வரும் என்ற கணக்கு அது. எட்வர்ட் வெல்லர் தலைவர் தையாரோவாவின் மகளைக் கட்டினார். டிக்கி பேரட் என்ற இன்னொரு வேட்டைக்காரர் தே ஆத்தி அவா என்ற மாவோரி குலத்து ராவினியாவை மணந்தார். 1832-ல் எதிரிக் குலமான வைக்காட்டோவின் படை அவர்கள் இருந்த ங்காமோட்டுவை முற்றுகையிட்டபோது மனைவி வீட்டாரோடு நின்று பீரங்கி சுட்டார்.

எல்லாம் இனிப்பாக இருந்ததென்று சொல்லவில்லை. தட்டம்மையும் சளிக்காய்ச்சலும் கரையோரக் கிராமங்களில் பலரைக் கொண்டுபோயின. தாய் விலகாது என்பதற்காகக் குட்டியை முதலில் குத்தியதால் 1840களிலேயே திமிங்கிலம் அரிதாகிவிட்டது. வேட்டை ஓய்ந்த பிறகும் பலர் மனைவி மக்களோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். தெற்குத் தீவின் மாவோரி குலமான ங்காய் தஹுவின் இன்றைய குடும்பங்கள் பலவற்றுக்கு அவர்கள்தான் மூதாதையர்.

என்னை உறுத்துவது 1839-ல் நடந்தது. ஆங்கிலேயர்களைக் குடியேற்ற நிலம் தேடிய நியூசிலாந்து கம்பெனி இன்றைய வெலிங்டன் பகுதியை வாங்க வந்தபோது மொழிபெயர்த்தது அதே மாப்பிள்ளை பேரட்தான். அவருக்குத் தெரிந்த மாவோரி மொழி கப்பல்துறையில் பேரம் பேசப் போதும், நிலப் பத்திரத்தை விளக்கப் போதாது. அந்த விற்பனை அப்புறம் விசாரணை ஆணையம் வரை போனது.