நுனிக்காலில் நடக்கும் மகனுக்குப் பிளாஸ்டர் கட்டு

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இரண்டு குதிக்கால்களும் நிலத்தில் படாமல் விரல்களில்தான் நடக்கிறான். பரிசோதித்த வைத்தியர், நரம்பு நோய் எதுவும் இல்லை என்றும், கெண்டைக்கால் தசை இறுகிவிட்டதால் சில வாரங்களுக்கு இரு கால்களிலும் பிளாஸ்டர் கட்டுப் போட வேண்டும் என்றும் கூறுகிறார். அம்மம்மாவோ, வளர வளரச் சரியாகிவிடும், கன்னியா வெந்நீரூற்றில் குளிப்பாட்டினால் நரம்பு இளகும் என்கிறார். "குதியை வை" என்று நாள் முழுதும் சொல்லியும் அவன் கேட்பதில்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
- ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: "குதியை வை" என்ற அதட்டலை முதலில் நிறுத்திவிடுங்கள். முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போது அது செங்கோணம் வரைகூட வராத அளவுக்குத் தசை இறுகியிருந்தால், பிள்ளை விரும்பினாலும் குதியை ஊன்றி நேராக நடக்க முடியாது. தன்னால் முடியாத ஒன்றுக்காக ஏச்சு வாங்கும் பிள்ளை, சிகிச்சையையும் தண்டனையாகவே எண்ணத் தொடங்கிவிடும்.

அம்மம்மா சொல்வது இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் பலருக்குப் பொருந்தும். தசை இறுகிவிட்ட நாலரை வயதுப் பிள்ளையைக் காத்திருக்க வைப்பது நல்லதல்ல. இளஞ்சூட்டு நீர் தசையைச் சற்றுத் தளர்த்தும். ஆனால் தசைநாரை நீளச் செய்யாது. கட்டுப் போட்ட பின்னரோ அது நனையவே கூடாது.

கட்டு ஒரேயடியாகப் போடப்படுவதில்லை. ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை அதைக் கழற்றி, பாதத்தை இன்னும் சற்று மேலே மடக்கி மீண்டும் போடுவார்கள். கட்டைத் திறக்கும் கருவி அதிர்ந்துதான் வெட்டும், சுழன்று வெட்டுவதில்லை. இருந்தாலும் அதன் இரைச்சல் பிள்ளைகளை நடுங்க வைத்துவிடும். ஆகவே முதல் நாளே ஒரு பொம்மையின் காலில் துணி சுற்றி, கட்டுவதையும் திறப்பதையும் அவன் கையாலேயே விளையாடிப் பார்க்க விடுங்கள். சத்தம் வரும், கூச்சம் இருக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். "ஒன்றுமே இல்லை" என்று சொல்லி ஏமாற்ற வேண்டாம்.

உங்கள் ஊரில் நான் அதிகம் அஞ்சுவது மணலுக்கும் வியர்வைக்கும்தான். கட்டுக்குள் புகுந்த கடல்மணல் தோலை அராவிப் புண்ணாக்கிவிடும் என்பதால், அந்த வாரங்களில் கடற்கரை வேண்டாம். அரிப்புக்காக ஈர்க்கு, பென்சில் எதையும் உள்ளே விடாதீர்கள்; பவுடரும் போடாதீர்கள். காலையும் மாலையும் விரல்களைப் பாருங்கள். அவை நீலமாகவோ வெளிறியோ குளிர்ந்தோ வீங்கியோ இருந்தாலும், கட்டிலிருந்து துர்நாற்றம் வந்தாலும், பிள்ளை காரணம் தெரியாமல் ஓயாது அழுதாலும், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கட்டுக் கழன்றதும் கால் மெலிந்தும் தோல் உரிந்தும் காணப்படும். சில நாட்கள் நடை தள்ளாடும். இவற்றுக்காகக் கலங்க வேண்டாம். உண்மையில் உங்கள் வேலை இனித்தான் தொடங்குகிறது. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடியாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் உள்ளங்கையில் குதியை ஏந்தி, முன்கையால் பாதத்தை மெல்ல மேலே தள்ளி, அரை நிமிடம் வரை வைத்திருங்கள். நோகும் அளவுக்குத் தள்ளாதீர்கள். எத்தனை முறை என்பதை உங்கள் இயன்மருத்துவர் சொல்லுவார். குதி நிலத்தில் படக் குந்தியிருந்து போளை விளையாடுவதும் நல்ல பயிற்சியே. கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வழியாக ஏறும் பாதையில், மான்களைக் காட்டியபடி மெதுவாக நடத்திச் செல்லுங்கள். ஏற்றத்தில் குதியை ஊன்றி நடக்கும்போது கெண்டைக்கால் தானாகவே நீளும். ஆனால் உச்சிவெயிலில் சுடும் நிலத்தில் வெறுங்காலோடு நடப்பதை வைத்து அவன் நடையை எடைபோடாதீர்கள். அங்கே எல்லோரும் நுனிக்காலில்தான் நடப்போம்.

நரம்பு நோய் இல்லை என்று சொல்லியிருந்தாலும், இனி அவன் அடிக்கடி விழுந்தாலோ, எழும்பும்போது தொடையில் கை ஊன்றி ஏறினாலோ, ஒரு கால் மட்டும் மாறுபட்டாலோ வைத்தியரிடம் மீண்டும் காட்டுங்கள்.

எலும்பு விரைந்து வளரும் காலங்களில் தசை மீண்டும் இறுகுவது உண்டு. அதைத் தடுக்கவே பலருக்கு இரவில் அணியும் தாங்கியைக் கொடுப்பார்கள். உங்கள் மகனுக்கும் அது தேவையா என்று இப்போதே கேளுங்கள். தேவையென்றால், கடைசிக் கட்டைக் கழற்றும் நாளிலேயே அது கையில் இருக்கும்படி அளவெடுப்பை முன்கூட்டியே முடித்துவையுங்கள்.