வேகக் கேமரா உயிரைக் காக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வேகக் கேமரா இருக்கும் இடம் தெரிந்த ஓட்டுநர்கள், அதை நெருங்கும்போது பிரேக்கை மிதிக்கிறார்கள், தாண்டியதும் பழையபடி பறக்கிறார்கள். அபராதம் வசூலிப்பதைத் தவிர இந்தக் கேமராக்களால் ஏதாவது பயன் உண்டா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: உண்டு, உயிர் காக்கும் அளவுக்கே உண்டு. பல நாடுகளில் நடந்த 35 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்த காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் 2010-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, கேமரா வைக்கப்பட்ட இடங்களை ஒட்டி, உயிரிழப்போ படுகாயமோ நேர்ந்த விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. கேமராவைக் கண்டு ஓட்டுநர் குறைப்பது பத்து, இருபது கிலோமீட்டர் வேகம்தானே, அதற்கு இவ்வளவு பலனா என்று கேட்கத் தோன்றும்.

மாதனூர் அருகே ஒருவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு நான்கு வழிச்சாலையைக் கடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில் வரும் காரின் ஓட்டுநர் அவரைக் கண்டு, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோய், வண்டியை நிறுத்துவதற்குள் கார் ஏறத்தாழ 70 மீட்டர் ஓடிவிடும். 100 கி.மீ. வேகத்தில் வரும் கார், அதே கவனத்துடன் அதே பிரேக்கைப் பிடித்தாலும், முதல் கார் முழுவதும் நின்றுவிட்ட அந்தப் புள்ளியை ஏறக்குறைய 70 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். மொபெட்காரர் பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் அந்த 20 கிலோமீட்டரில்தான் இருக்கிறது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பது பள்ளி இயற்பியல். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினாலே உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதும் இதையொட்டியதே.

தாண்டியதும் பறக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பது மிகச் சரி. பிரிட்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்களை வைத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், கேமராவிலிருந்து 500 மீட்டருக்குள் உயிரிழப்புகள் பாதிக்கும் மேல் குறைந்திருந்தன. ஆனால் ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டிய பகுதிகளில் விபத்துகள் கூடியதற்கான அறிகுறி இருந்தது. ஓரிடத்தில் மட்டும் வேகத்தை அளக்கும் கேமராவின் எல்லை அவ்வளவுதான். அதனால் அது பயனற்றது என்று ஆகிவிடாது. பள்ளி வாசல், ஊரைப் பிளந்து செல்லும் நெடுஞ்சாலைச் சந்திப்பு, தொழிற்சாலை விடும் நேரத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள் சாலையைக் கடக்கும் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகள் ஆகியவற்றில் அந்த 500 மீட்டரே நமக்கு வேண்டியது.

நெடுந்தொலைவுக்கு வேறு முறை வேண்டும். இரண்டு இடங்களில் கேமரா வைத்து, முதலாவதைக் கடந்த நேரத்தையும் இரண்டாவதைக் கடந்த நேரத்தையும் எண் பலகையைக் கொண்டு ஒப்பிட்டு, இடைப்பட்ட தூரத்தின் சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறை அது. 5 கி.மீ. தூரத்தை ஒரு கார் இரண்டரை நிமிடத்தில் கடந்தால் அதன் சராசரி வேகம் 120 கி.மீ.; இடையில் எங்கே பிரேக் பிடித்தாலும் அந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. பிரிட்டனில் இம்முறை வந்த சாலைகளில் உயிரிழப்பு, படுகாய விபத்துகள் 36 சதவீதம் குறைந்ததாக ஆர்.ஏ.சி. பவுண்டேஷன் என்ற அந்நாட்டுச் சாலைப் போக்குவரத்து ஆய்வு அமைப்பு 2016-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. நமது சாலையில் பள்ளிகொண்டா, வாணியம்பாடி சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் வழியாக வண்டி கடக்கும் நேரம் ஏற்கெனவே பதிவாகிறதே, அதுவே போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. இடையில் ஆம்பூரில் பிரியாணிக்கு அரைமணி நேரம் நிறுத்தியவர் மீதி வழியெல்லாம் 130-இல் ஓட்டியிருந்தாலும் சராசரி குறைவாகவே காட்டும். ஐந்தாறு கிலோமீட்டர் இடைவெளியில் தனிக் கேமராக்கள் வைப்பதுதான் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: விபத்து மிகுந்த ஆண்டுக்குப் பிறகு கேமரா வைக்கிறார்கள், அடுத்த ஆண்டு விபத்து குறைந்தால் கேமராவைப் பாராட்டுகிறார்கள். அது தானாகவே குறைந்திருக்கலாம் அல்லவா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: குறைந்திருக்கலாம். ஓரிடத்தில் ஓராண்டு ஐந்து பேர் இறந்தால் அங்கே கேமரா வைப்பார்கள். ஆனால் அந்த இடத்தின் வழக்கமான எண்ணிக்கை மூன்றாக இருந்தால், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த ஆண்டு எண்ணிக்கை மூன்றை நோக்கி இறங்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே, கேமரா இல்லாத, அதே தன்மையுள்ள சாலைகளோடு பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வையே நம்ப வேண்டும். ஓராண்டுக் கணக்கைச் சொல்லி எழுதப்படும் செய்தியை நம்ப வேண்டியதில்லை. இப்படி ஒப்பிட்ட பிறகும் பலன் மிஞ்சுகிறது என்பதால்தான் முதல் கேள்விக்கு 'உண்டு' என்றேன்.

பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் கேமராக்கள் வந்தபின் உயிரிழப்பு குறைந்ததை எடுத்துக்காட்டுவோர் உண்டு. ஆனால் 2023 ஆகஸ்ட் 1 முதல் அச்சாலையின் முதன்மை வழித்தடத்தில் இருசக்கர வாகனங்கள், ஆட்டோக்கள், டிராக்டர்கள் ஆகியவற்றுக்குத் தடையும் விதிக்கப்பட்டது. எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. நம் நாட்டுப் புள்ளிவிவரத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் மரணம் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டது. அதே ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று எழுதுவது காவல் நிலையங்களின் நெடுநாள் வழக்கம். ஆகையால் விளக்கில்லாத சந்திப்பு, ஓரத்தில் இண்டிகேட்டர் போடாமல் நிறுத்திய லாரி, சுரங்கப்பாதை இல்லாததால் எதிர்த்திசையில் வர நேர்ந்த பைக் ஆகிய காரணங்கள் அந்த ஒரு சொல்லுக்குள் மறைந்துபோகின்றன. வேகத்தை அளக்கும் கேமரா இவற்றைச் சரிசெய்யாது. கேமரா வைத்துவிட்டோம் என்று சொல்லி, கிராம மக்கள் பல காலமாகக் கேட்கும் சுரங்கப்பாதையை எந்த அதிகாரியும் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி: நான் வேகமாகவே போகவில்லை, ஆனாலும் செலான் வந்திருக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: முதலில் செலானுடன் உள்ள படத்தைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 167ஏ விதியின்படி, எண் பலகை தெளிவாகத் தெரியும் படமும், கருவி அளந்த வேகமும், இடம், தேதி, நேரம் ஆகியவையும் அறிவிப்பில் இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும். கண்காணிப்பு நடைபெறுகிறது என்ற எச்சரிக்கைப் பலகையும் சாலையில் இருக்க வேண்டும். படத்தில் இருப்பது உங்கள் வண்டி அல்ல என்றாலோ, எண் தவறாகப் படிக்கப்பட்டிருந்தாலோ, பணம் கட்டிவிடாமல் ஆர்.சி. நகலுடன் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவியுங்கள். தீராவிட்டால் நீதிமன்றத்தில் முறையிடலாம். படமும் வேகமும் சரியாக இருந்தால் அபராதத்தைக் கட்டிவிடுவதே முறை.