தண்ணீர் எரிந்த ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுரங்க விளக்குகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1815இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி தம் பாதுகாப்பு விளக்கோடு வரும்வரை, நிலக்கரிக்குள்ளிருந்து கசியும் எரிவாயுவைப் பேய் பிசாசு என்று அஞ்சிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்? அதற்கு முன் எவரேனும் முறையாக ஆராய்ந்ததுண்டா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உண்டு, டேவிக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே. இங்கிலாந்தின் லங்காஷயரில், விகன் நகரிலிருந்து ஒரு மைல் தள்ளி ஓர் ஊற்று இருந்தது. ஊரார் அதில் பேயைக் காணவில்லை. தண்ணீரே எண்ணெய் போல எரிகிறது என்று அடித்துச் சொன்னார்கள். 1659 பிப்ரவரி இறுதியில் தாமஸ் ஷெர்லி என்பவர் ஐந்தாறு பேரோடு அங்கே போனார். நீர்ப்பரப்பில் மெழுகுவத்தியைக் காட்டியதும் குப்பென்று தீப்பிடித்தது. நம்ப மறுத்திருந்த ஷெர்லியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் வாதாடவில்லை. ஊற்று நீர் தேங்கிய அதே பள்ளத்தில் வேறு இடங்களில் மெழுகுவத்தியை வைத்தார், அணைந்தது. எரிந்த இடத்து நீரையே ஒரு பாத்திரத்தில் மொண்டு வைத்துப் பார்த்தார், அதிலும் அணைந்தது. அங்கே நீர் உலைபோலக் கொதித்துக்கொண்டிருந்தது, ஆனால் கையை விட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. நீரின் மேல் உள்ளங்கையைப் பிடித்தபோது, காற்று ஒன்று கீழிருந்து அழுத்துவதை உணர்ந்தார். பிறகு அணை கட்டி நீர்வரத்தைத் தடுத்து, தேங்கியதை வடித்துவிட்டு, வெறும் மண்ணில் தீயைக் காட்டினார். ஒன்றரை அடி உயரத்துக்குச் சுடர் எழுந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியதும் தீயும் அணைந்தது, நண்பர்களின் சிரிப்பும் நின்றது. முப்பது நாற்பது கஜத்தில் ஒரு நிலக்கரிக் குழி இருந்ததையும் அவர் கவனித்திருந்தார். 1667இல் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் இதழில் இதெல்லாம் அச்சானது. கந்தகப் புகை என்றோ நிலக்கீல் ஆவி என்றோ அவர் ஊகித்தது சரியல்ல. அது மெத்தேன் என்ற வாயு என்று அறிய வேதியியல் அப்போது வளர்ந்திருக்கவில்லை. ஆனால் நீரைத் தனியாகவும் வாயுவைத் தனியாகவும் பிரித்துப் பார்த்த அந்த முறையில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

அடுத்து ஜான் கிளேட்டன் என்ற பாதிரியார், அந்தப் பள்ளத்தைத் தோண்டி நிலக்கரியைக் கண்டார். அதை வாலை எனும் வடிகலத்திலிட்டுக் காய்ச்சினார். முதலில் நீர், பிறகு கறுப்பு எண்ணெய், கடைசியில் எதற்கும் குளிர்ந்து அடங்காத ஓர் ஆவி. அதை விலங்குகளின் மூத்திரப்பைகளில் அடைத்துவைத்தார். விருந்தினர் வந்தால் ஊசியால் துளையிட்டு, மெழுகுவத்தியருகே பிதுக்கி எரித்துக் காட்டுவார். இதையெல்லாம் விவரித்து வேதியியலாளர் ராபர்ட் பாயிலுக்கு அவர் எழுதிய கடிதம், பாயில் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகே அச்சேறியது.

1733இல் இங்கிலாந்தின் வைட்ஹேவன் ஊரின் நிலக்கரிச் சுரங்க உரிமையாளர் ஜேம்ஸ் லோதர், தம் சுரங்கத்து வாயுவையே பைகளில் நிரப்பி ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். லண்டனிலும் அது எரிந்தது.

இவ்வளவு தெரிந்தும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு வரவில்லை. லோதரின் சுரங்க மேலாளர் கார்லைல் ஸ்பெடிங், திறந்த சுடருக்குப் பதிலாக, சுழலும் எஃகுச் சக்கரத்தில் சிக்கிமுக்கிக் கல்லை உரசி வரும் பொறிகளின் வெளிச்சத்தில் வேலை செய்ய வைத்தார். அந்தப் பொறியும் சில வேளை வாயுவைப் பற்றவைத்தது. 1755இல் சுரங்க வெடிப்பில் ஸ்பெடிங்கே இறந்தார். 1812இல் ஃபெல்லிங் சுரங்கத்தில் 92 பேர்.

டேவி கேட்டது வேறு கேள்வி: சுடர் எந்த அளவு குறுகிய வழியில் நுழைய முடியாமல் அணைகிறது? சுடரைச் சுற்றி நுண்ணிய துளைகளுள்ள உலோகக் கம்பிவலை போட்ட விளக்கு அதிலிருந்து பிறந்தது.