இறந்த பிறகு சொர்க்கம், நரகம் என்று இருந்தால் அந்தத் தீர்ப்பு நியாயமாக இருக்குமா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் செய்வதையெல்லாம் செய்துவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எனக்கு அந்த ஆள் என் பெரியப்பா.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பாட்டிக்கு ஒரு வீடு இருந்தது. பாட்டி மூன்று வருடம் படுத்த படுக்கை. பீ மூத்திரம் அள்ளியது அம்மா, வீட்டை எழுதி வாங்கிக்கொண்டது பெரியப்பா. அவர் யாரையோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டுப் போன அன்று பாட்டியின் கட்டைவிரலில் மை இருந்திருக்கிறது. அம்மாதான் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள், என்ன மை என்றுகூடக் கேட்கவில்லை.

போன வருடம், 81 வயதில், சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்த பெரியப்பா அப்படியே போய்விட்டார். வந்தவர்கள் எல்லாரும் "புண்ணியவான், நல்ல சாவு" என்றார்கள். எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் ஐயர் வைதரணி பற்றிச் சொன்னார். எமலோகம் போகும் வழியில் சீழும் ரத்தமுமாக ஓடும் ஆறு, பசு தானம் கொடுத்தவன் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். பசுவுக்கு எங்கே போவது, ஒரு தேங்காயும் 1,100 ரூபாயும். பெரியப்பா மகன் ஜிபே பண்ணினான், ஆறு தாண்டியாயிற்று. நான் நாத்திகன் இல்லை, ஐயரையும் குறை சொல்லவில்லை, கமென்ட்டில் சண்டைக்கு வராதீர்கள். பசு கொடுக்க வக்கில்லாதவன் அந்தச் சீழில் நீந்தித்தான் போக வேண்டுமா என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு வைத்திருந்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளையின் தம்பி பெயர்வரைக்கும் இருந்தது, கூடப்பிறந்த தம்பியான எங்கள் அப்பா பெயர் இல்லை. கேட்டால் இடம் பத்தவில்லையாம். அந்த ஃப்ளெக்ஸின் நீளம் 12 அடி. சரி, விடுங்கள்.

இரவு தூக்கம் வராமல் பாகவதத்தில் வரும் 28 நரகங்களைத் தேடிப் படித்தேன். அடுத்தவன் சொத்தை அபகரித்தவனுக்குத் தாமிஸ்ரம்: கும்மிருட்டு, சோறு தண்ணீர் கிடையாது, அடி மட்டும் உண்டு. படிக்கும்போது சந்தோஷமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாரதத்தின் கடைசியில் தருமர் சொர்க்கத்துக்குப் போனால் அங்கே துரியோதனன் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான், தம்பிகளும் திரௌபதியும் நரகத்திலிருந்து கத்துகிறார்கள். பாவம் அதிகம் செய்தவனுக்கு முதலில் சொர்க்கம், பிறகு நரகம், அதுதான் முறை என்று தருமருக்கு விளக்கம் சொல்கிறார்கள். தருமருக்கே ஒரு தரம் நரகத்தைக் காட்டுவது துரோணரிடம் அசுவத்தாமன் விஷயத்தில் சொன்ன பொய்க்காக. அந்த ஒரு பொய்யைக்கூட அங்கே யாரோ குறித்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

அந்தக் கணக்குப்பிள்ளை சித்திரகுப்தருக்கு எங்கள் ஊரில், நெல்லுக்காரத் தெருவில் கோயில் இருக்கிறது. ஒரு கையில் எழுத்தாணி, இன்னொரு கையில் ஏடு. அம்மா சித்ரா பௌர்ணமி தவறாமல் போவாள். பெரியப்பா செய்ததையெல்லாம் வரி விடாமல் எழுதச் சொல்லித்தான் வேண்டிக்கொள்கிறாள் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை கேட்டே விட்டேன்.

"உங்க பாட்டி ஒருநாள் ராத்திரி மூணாவது தரம் துணிய நனைச்சிட்டாங்க. தூக்கக் கலக்கத்துல கன்னத்துல ஒண்ணு வச்சுட்டேன்டா. அத மட்டும் எழுதாதப்பான்னு கேட்பேன்" என்றாள்.