கதைப்பின்னல், முரண், நோக்குநிலை ஆகியவற்றை எப்படி இனங்காண்பது?

கதையில் நடந்ததைச் சொல்ல முடிகிறது, ஆனால் இம்மூன்றையும் பிரித்தறிய முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நமக்குப் பழகிய கொழுந்து மடுவத்தையே, அதாவது தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகையையே, எடுத்துக்கொள்வோம்.

மாலை நிறுவையில், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் கொழுந்துக்குத் தராசு முள் 18 கிலோவில் நிற்கிறது. ஈரக்கொழுந்து என்று சொல்லிக் கணக்கப்பிள்ளை ஏட்டில் 16 எழுதுகிறார். அதனால் அவளுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுகிறது. அதனால் மகனுக்குச் சப்பாத்து வாங்க முடியவில்லை. நிகழ்ச்சிகளைப் ‘பிறகு’ என்று அடுக்கினால் வெறும் வரிசை. ‘அதனால்’ என்று கோத்தால் கதைப்பின்னல்.

முரண் என்றால் சண்டை என்று கொள்வதே பலரும் செய்யும் பிழை. அவள் வாயே திறக்காவிட்டாலும், தட்டிக்கேட்டால் நாளை கொழுந்து பறிக்க மோசமான நிரை (செடி வரிசை) கிடைக்கும் என்ற அச்சமும், கேட்காமல் லயத்து வீட்டுக்குத் திரும்பினால் மகன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற தவிப்பும் அவளுக்குள் மோதுகின்றன; இதுவும் முரண்தான். கதையின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நோக்குநிலைதான் மிக நுட்பமானது. அவள் கண்வழியே பார்த்தால் முள்ளும் ஏடும் மட்டுமே தெரியும். கணக்கப்பிள்ளையின் கண்வழியே பார்த்தால், தொழிற்சாலையில் எடை குறைந்தால் தோட்டத்தை நடத்தும் துரைக்குப் பதில் சொல்ல வேண்டிய அவருடைய பயமும் தெரியும். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரை இரு நாடுகளுக்கும் பங்கிட்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்த ஒரு குடும்பத்தின் கதையும் அப்படியே: இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்கு ரயிலேறியவர் சொல்லும்போது ஒன்று, மேடையில் நின்று கையசைத்தவர் சொல்லும்போது வேறொன்று.

வாசித்த பகுதியில் ஒரு பத்தியை மட்டும் மற்றப் பாத்திரத்தின் வாயால் திருப்பி எழுதிப் பாருங்கள். எந்தச் செய்தி விழுந்துவிடுகிறது, எது புதிதாக வந்து சேர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.