சிமெண்ட் சாலைக் கலவைக்கு ஸ்லம்ப் சோதனை மட்டும் போதுமா?

போதாது. அதற்காக அந்தச் சோதனைக்கான கூம்பைத் தூக்கி மூலையில் போட்டுவிடவும் வேண்டாம்.

நீங்கள் கேட்டிருப்பது ஸ்லிப்ஃபார்ம் பேவர் ஓடும் சாலை; அதாவது, நிலையான பக்கப்பலகை இல்லாமல் நகர்ந்துகொண்டே கான்கிரீட்டை விரித்து வடிவமைக்கும் இயந்திரம் போடும் சாலை. இரண்டு டிப்பர் கலவையும் 25 மி.மீ. ஸ்லம்ப்தான் காட்டுகின்றன; ஒன்று வழவழவென்று அமர்கிறது, மற்றதில் ஓரமெல்லாம் ஜல்லி பல்லை இளிக்கிறது. இது ஏன் என்கிறீர்கள்.

கூம்பை எடுத்ததும் கலவை தன் எடையால் எவ்வளவு சரிகிறது என்பதுதான் ஸ்லம்ப். பேவருக்குள் நடப்பது வேறு. வைப்ரேட்டர் அதிரும்போது கலவை இளகி இடுக்கெல்லாம் நிரம்ப வேண்டும். இயந்திரம் நகர்ந்ததும் பக்கப்பலகை இல்லாமலேயே ஓரம் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரு குணங்களை ஸ்லம்ப் எண் சொல்லாது. ஒரு லோடும் அடுத்த லோடும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க அது போதும், அவ்வளவுதான்.

நான் நம்புவது அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவான பெட்டிச் சோதனையை. சுமார் 300 மி.மீ. கனசதுரப் பெட்டியில் ஏறக்குறைய 240 மி.மீ. உயரம் வரை கலவையைக் குத்தாமல், தட்டாமல் அள்ளிப் போடுங்கள். ஊசி வைப்ரேட்டரை நடுவில் 3 விநாடியில் இறக்கி, 3 விநாடியில் மேலே எடுங்கள். உடனே பக்கப்பலகைகளைக் கழற்றிவிட்டு நான்கு முகங்களையும் பாருங்கள். ஓட்டைகள் பரப்பில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் தேறியது. 10க்குள் என்றால் மிக நல்லது. மூலையில் நேரான அளவுகோலை நிறுத்தி வைத்துப் பாருங்கள்; ஓரம் 6 மி.மீ.க்கு மேல் பிதுங்கியிருந்தால் அது பேவருக்குப் பின்னால் சரியும் கலவை.

ஓட்டை அதிகம் என்றால் "கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்" என்ற குரல் தளத்தில் கட்டாயம் எழும். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தண்ணீர் கூடினால் வலிமை குறையும், ஓரமும் சரியும். தண்ணீர் குறைப்பானை (கூடுதல் தண்ணீர் இல்லாமலேயே கலவையை இளக்கும் வேதிச் சேர்க்கையை) சிறிது கூட்டி, மறுபடி கலக்கி, அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். குறைப்பானைக் கூட்டிக்கொண்டே போயும் தேறவில்லையா? கோளாறு பெரும்பாலும் ஜல்லி, மணல் அளவுப் பகிர்வில் இருக்கும்: நடுத்தர அளவுக் கற்கள் குறைவு, அல்லது தட்டை ஜல்லி அதிகம். எந்த அளவுக் கல் எவ்வளவு என்று சலித்துச் சொல்லும் சல்லடை அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

கலவை ஆலையில் தேறியதை மட்டும் வைத்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். சித்திரை வெயிலில் டிப்பர் வந்து சேர்வதற்குள் கலவை இறுகிவிடும். பேவருக்கு முன்னால் கொட்டிய குவியலிலிருந்தும் மாதிரி எடுங்கள்.