வணிகக் கேள்வி–பதில்: நின்றுபோன பணமும் டிராக்கிங் எண்ணும்

கேள்வி: சென்னிமலைப் போர்வைகளையும் துண்டுகளையும் ஓர் இணைய விற்பனைத் தளத்தின் வழியே விற்று வருகிறேன். சென்ற மாதம் அனுப்பிய சரக்கு வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்துவிட்டது. சிலர் பாராட்டியும் எழுதியிருக்கிறார்கள். இருந்தும் 38,000 ரூபாயைத் தளம் ‘ஹோல்டு’ என்று நிறுத்தி வைத்திருக்கிறது. கேட்டால், ‘டிராக்கிங் உறுதியாகவில்லை’ என்ற ஒரே பதில்தான் வருகிறது. நூல் கடைக்குப் பணம் கட்ட வேண்டும். என்ன செய்யலாம்? – வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: பாராட்டைப் பார்த்துத் தளம் பணத்தை விடுவிப்பதில்லை. நீங்கள் ஏற்றிய டிராக்கிங் எண் (பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்க உதவும் எண்) கூரியர் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறதா, பார்சலைப் பெற்றுக்கொண்டதற்கான முதல் ஸ்கேனும் பட்டுவாடா செய்ததற்கான கடைசி ஸ்கேனும் அதில் விழுந்திருக்கின்றனவா, திருப்பி அனுப்புவதற்கு வாடிக்கையாளருக்குத் தந்த நாள்கள் முடிந்துவிட்டனவா என்பதை மென்பொருள்தான் சரிபார்க்கிறது. ஆகவே சேவை மையத்துக்கு மறுபடியும் எழுதுவதற்கு முன், நின்றுபோன ஆர்டர்களின் பட்டியலை ஒரு பக்கமும் கூரியர் ரசீதுகளை மறு பக்கமும் வைத்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

என் அனுபவத்தில் பெரும்பாலான சிக்கல்கள் இங்கேதான் அவிழ்கின்றன. ஒரு கூரியரில் அனுப்பிவிட்டுத் தளத்தின் பட்டியலில் வேறொரு கூரியரின் பெயரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். எண் சரியாகவே இருந்தாலும் தளம் அதைத் தவறான வாசலில் போய்த் தேடிக்கொண்டிருக்கும். ஒரே வாடிக்கையாளரின் இரண்டு ஆர்டர்களை ஒரே பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டு, முதல் ஆர்டருக்கு மட்டும் எண்ணை ஏற்றியிருப்பார்கள். அஞ்சல் துறையின் விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புகிறவர்கள் எண்ணைத் தட்டச்சு செய்யும்போது இலக்கங்களை இடம் மாற்றிவிடுவதும் உண்டு. அந்த எண்ணில் முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் 9 இலக்கங்கள், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ‘ஐ.என்.’ என மொத்தம் 13 இடங்கள் இருக்கும். ஒன்பதாவது இலக்கம் முதல் எட்டைச் சோதிப்பதற்காக வைக்கப்பட்டது. இலக்கங்கள் இடம் மாறினால் அது பொருந்தாமல் போய்விடும். அந்த எண்ணே செல்லாததாகிவிடுகிறது. இதை நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. ரசீதில் உள்ள எண்ணை அஞ்சல் துறையின் தளத்தில் இட்டுப் பார்த்தாலே போதும்.

இனி, பார்சலை ஒப்படைக்கும் நேரத்தைக் கவனியுங்கள். லேபிள் அச்சிட்டதும் எண் உருவாகிவிடுகிறது என்றாலும், அதை யாரேனும் ஸ்கேன் செய்யும் வரை பார்சல் உங்கள் வீட்டிலேயே இருப்பதாகத்தான் கணக்கு. பிக்கப்புக்கு வரும் தம்பி சாக்கோடு தூக்கிப்போய்க் கிடங்கில் ஸ்கேன் செய்வதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்லா எண்களும் அச்சிட்ட ஒப்படைப்புப் பட்டியலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். பின்னால் எழுதப்போகும் எந்தக் கடிதத்தையும் விட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

நின்றுபோன தொகையையும் பிடித்தம் செய்த தொகையையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்களுக்குத் தளம் பிடிக்கும் டிசிஎஸ் (ஜிஎஸ்டிக்காக முன்கூட்டியே வசூலிக்கும் தொகை) 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம், வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் டிடிஎஸ் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம். வரி விதிப்புக்குரிய 1,000 ரூபாய் விற்பனையில் முன்னது 5 ரூபாய், பின்னது 1 ரூபாய். இவை நின்றுபோன பணமல்ல. முதலாவது ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் ரொக்கப் பேரேட்டுக்கு (வரி கட்டப் பயன்படுத்தும் கணக்குக்கு) வரும், இரண்டாவதை வருமான வரிக் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லையென்றால், ஆர்டர் எண், டிராக்கிங் எண், பட்டுவாடா தேதி, நிற்கும் தொகை ஆகிய நான்கையும் ஒரே அட்டவணையாக்கி, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்ற 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி நுகர்வோரின் புகார்களுக்கானது என்பதால், அதை உங்கள் உரிமையாகக் காட்டி எழுதுவதில் பயனில்லை. உங்களுக்குப் பொருந்துவது தளத்தோடு நீங்கள் செய்துகொண்ட விற்பனையாளர் ஒப்பந்தம்; எந்தச் சூழலில், எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம் என்று அதில் எழுதியிருப்பதைப் படித்து, அந்தப் பிரிவைச் சுட்டிக் கேளுங்கள். 2023-இல் பிரிட்டனில், கைவினைப் பொருள்களை விற்கும் எட்ஸி என்ற இணையத் தளம் சிறு விற்பனையாளர்கள் சிலரின் வருவாயில் 75 சதவீதத்தை 45 நாள்கள் வரை நிறுத்தி வைத்தபோது, அவர்கள் கூட்டாகக் குரல் எழுப்பிய பிறகுதான் அது இறங்கிவந்தது. தனியாக எழுதுவதை விட, உங்கள் ஊரில் அதே தளத்தில் விற்கும் நான்கு பேர் சேர்ந்து எழுதுவது நல்லது. நூல் கடைக்காரரிடமும் இப்போதே பேசிவிடுங்கள். தளத்தில் உங்கள் விற்பனைக் கணக்கைக் காட்டும் டாஷ்போர்டில் தெரியும் தொகையை நம்பி அவருக்குத் தேதி சொல்லாதீர்கள்.

கேள்வி: ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்று கூரியர் சொல்கிறது; வாடிக்கையாளரோ வரவே இல்லை என்கிறார். தளம் என் பணத்தை நிறுத்திவிட்டது. – வாசகர், திருப்பூர்

பதில்: பட்டுவாடாவுக்கான சான்றைக் கூரியரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்: கையெழுத்து, ஓடிபி, படம், இவற்றில் எது இருந்தாலும் சரி. பெரும்பாலும் காவலாளியிடமோ பக்கத்து வீட்டிலோ கொடுத்திருப்பார்கள். வாடிக்கையாளரை நேரடியாகக் குறை சொல்லாமல் அதையும் விசாரிக்கச் சொல்லுங்கள். சான்று எதுவும் கிடைக்கவில்லையென்றால் கூரியரிடம் இழப்பீடு கோர வேண்டியவர், பார்சலை முன்பதிவு செய்தவர்தான். தளமே கூரியரை ஏற்பாடு செய்திருந்தால் அந்தப் பொறுப்பு தளத்தினுடையது. அந்தச் சுமையை உங்கள் தலையில் ஏற்ற விடாதீர்கள்.

கேள்வி: பார்சல் கட்டுவதற்கு முன்பே லேபிள் அச்சிட்டு எண்ணை ஏற்றிவிட்டால் பணம் சீக்கிரம் வருமா? – வாசகர், கரூர்

பதில்: வராது. முதல் ஸ்கேன் தாமதமாவதைத் தளம் குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்த முறை உங்கள் பணம் கூடுதல் நாள்கள் நிற்கவும் அதுவே காரணமாகலாம்.